ரிலே சரி, கேபிள் சரி, ஆனாலும் ட்ரிப்

எங்கள் ஆலையின் 11 கேவி ஃபீடர் (மின்சாரம் கொண்டுபோகும் லைன்) ஒன்று நான்கு நாளாக எர்த் ஃபால்ட், அதாவது தரைக்கு மின்கசிவு, என்று காட்டி ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. கேபிளுக்கு மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டோம், பழுதில்லை. பழுதைக் கண்டு லைனைத் துண்டிக்கவைக்கும் ரிலேக்கு டெஸ்ட் கிட்டை வைத்துக் கரன்ட் செலுத்தினேன், 0.1 ஆம்பியரில் பிக்கப் (செயல்படத் தொடங்கும் அளவு), ட்ரிப் நேரமும் அதற்குரிய வளைவுப்படி. சரி, ரிலேயையே மாற்றிவிடலாம் என்று ஸ்பேரைப் போட்டோம். மறுநாள் மதியம் மறுபடி ட்ரிப்.

அப்புறம்தான் ரிலேயின் பதிவை நிதானமாகப் பார்த்தேன். நியூட்ரல் உள்ளீட்டில் 0.14 ஆம்பியர். ஆனால் மூன்று ஃபேஸ் கரன்ட்டையும் கூட்டி ரிலே தானே கணக்கிடும் மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். நிஜமான எர்த் ஃபால்ட் என்றால் இரண்டும் ஒத்திருக்க வேண்டுமே! ஆக, அந்த 0.14, லைன் கரன்ட்டைக் குறைத்து ரிலேக்குத் தரும் சி.டி.யிலிருந்து (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வரவே இல்லை. இன்னொன்று: ட்ரிப் ஆன நேரமெல்லாம் யார்டில் வெல்டிங் நடந்த நேரம்.

ஃபீடரை நிறுத்தி, ரிலேயைப் பிரித்துவைத்து, பேனலில் சி.டி. நியூட்ரலின் எர்த் இணைப்பைக் கழற்றி 500 வோல்ட் மெகர் போட்டேன். பூஜ்யம். அதாவது, கழற்றிய பிறகும் ஒயர் வேறெங்கோ தரையோடு இணைந்திருக்கிறது. பார்த்தால், யார்டு ஜங்ஷன் பாக்ஸிலும் யாரோ ஓர் எர்த் கொடுத்திருக்கிறார்கள். வெல்டிங்கின்போது இரண்டு எர்த்துக்கும் இடையே உண்டான மின்னழுத்த வேறுபாடு, நியூட்ரல் ஒயர் வழியே ரிலேக்குள் கரன்ட்டைத் தள்ளியிருக்கிறது. கிட்டை இணைக்க டெஸ்ட் பிளாக்கில் பிளக்கைச் செருகியதும் ரிலேயிலிருந்து சி.டி. பக்கம் துண்டாகிவிடும்; கிட் சோதனையில் இது எப்படித் தெரியும்?

யார்டு எர்த்தை எடுத்தேன். மெகர் 50 மெகா ஓமுக்கு மேல் காட்டியது. பேனல் எர்த்தை மட்டும் திரும்பப் போட்டோம். மூன்று வாரமாக ட்ரிப் இல்லை. வெல்டிங் இன்னும் நடக்கிறது.