மைனஸ் 20 நம் ஊருக்கு வேண்டாம்: வானியல் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிரூட்டும் வசதியுள்ள வானியல் கேமரா கைக்கு வந்ததும், பலரும் வெப்பநிலையை மைனஸ் 20-இல் வைத்துவிடுகிறார்கள். குளிர் நாட்டுக்காரர்களுக்கு அது சரி. கடலூரில் எடுபடாது.

இந்தக் கேமராக்களில் மின்சாரத்தால் சென்சாரைக் குளிரவைக்கும் பெல்டியர் குளிரூட்டி, வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 35 டிகிரிதான் கீழே இறக்கும். மே மாதத்தில் தேவனாம்பட்டினம் பக்கம் நள்ளிரவிலும் 28 டிகிரி இருக்கும். அப்போது மைனஸ் 20 கேட்டால் குளிரூட்டி முழு மூச்சில் ஓடியும் எட்டாது. சென்சாரின் வெப்பநிலை காற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும். அப்புறம் எந்த டார்க் ஃப்ரேமைக் (சென்சாரின் இரைச்சலை நீக்க, மூடி போட்டு எடுக்கும் படம்) கழித்தாலும் சூடான பிக்சல்கள் புள்ளி புள்ளியாக மிஞ்சும்.

என்னைக் கேட்டால் பூஜ்யம் டிகிரியே போதும். சூட்டினால் சென்சாரில் தானாகக் கிளம்பும் எலெக்ட்ரான்கள், 6 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகும். 28-இலிருந்து 0-க்கு வந்தாலே சுமார் 25-இல் ஒரு பங்குதான் மிச்சம். ஊர் விளக்கு வெளிச்சத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. எல்லா மாதமும் பூஜ்யத்திலேயே வைத்தால், மழை நாளில் எடுத்த டார்க் தொகுப்பு கோடையிலும் உதவும். டார்க்கின் எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்), கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), ஆஃப்செட் (பிக்சல்களோடு சேர்க்கும் அடிப்படை மதிப்பு) மூன்றும் படத்தோடு ஒத்திருக்க வேண்டும். 300 விநாடி டார்க்கைக் கணக்குப் போட்டு 120-க்குச் சுருக்குவது சிசிடி என்ற பழைய வகை சென்சார் காலத்து வழக்கம். இப்போதைய சிமாஸ் வகை சென்சார்கள் பலவற்றில் ஓரத்தில் தெரியும் ஆம்ப் குளோ (சென்சாரின் மின்சுற்றால் வரும் வெளிச்சம்) அந்தக் கணக்குக்கு அடங்காது.

ஈரத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராக மொட்டைமாடிக்கு எடுத்துப்போனால், கேமரா கண்ணாடி அந்த நிமிடமே வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள். குளிரூட்டிய பிறகு படத்தின் நடுவில் மங்கலான திட்டு தெரிந்து, கேமரா கண்ணாடியின் ஹீட்டரைப் போட்டும் போகவில்லை என்றால், சென்சார் அறைக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் வில்லையை மாற்றவோ உலர்த்தவோ வேண்டும்.

கெயினை ஏற்றினால் கூடுதல் ஒளி வந்துவிடாது. பிக்சல்தான் சீக்கிரம் நிரம்பும். கோடையில் தெற்கே 30 டிகிரி உயரத்தில் தெரியும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தை இப்படி எடுத்தால், பிரகாசமான விண்மீன்களின் நிறம் போய் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

ஃப்ளாட் (தூசி நிழலையும் ஓர மங்கலையும் சரிசெய்ய எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) எடுக்காமல் கேமராவைக் கழற்றவே கூடாது. தொலைநோக்கிக் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, விடியல் வானத்தை நோக்கி, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாதியளவில் நிற்கும்படி எடுங்கள். ஃபோகஸைத் தொட வேண்டாம்.