லத்தீன் திருப்பாடலுக்கு நிரல் எழுதுகிறீர்களா? கடைசி அசையிலிருந்து எண்ணுங்கள்

மதுரையில் எங்கள் சிறிய பாடகர் குழு மாதத்தில் ஒரு ஞாயிறு, திருச்சபையின் மாலை வழிபாடான மாலைப் புகழை லத்தீனில் பாடுகிறது. பழைய முறைப்படி ஐந்து திருப்பாடல்கள், பிறகு மரியாவின் பாடல். எந்த அசையில் குரல் ஏற வேண்டும், எதில் இறங்க வேண்டும் என்று ஒவ்வோர் அடியிலும் பென்சிலால் குறிப்பதற்கே மூன்று மாலைகள் போய்விடும். அந்த வேலையை ஒரு பைத்தான் நிரலிடம் ஒப்படைத்தேன். நான் விழுந்த பள்ளங்களில் அடுத்தவர் விழ வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

லத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் மரபில் திருப்பாடல் மெட்டுகள் எட்டு. 'பெரெக்ரீனுஸ்' என்ற ஒன்று அவற்றோடு சேரும். ஒவ்வோர் அடியும் உடுக்குறியால் (*) இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி ஒரே சுரத்தில் ஓதப்படும்: மேலைச் சுரப்பெயரில் சொன்னால், முதல் மெட்டில் 'லா', எட்டாம் மெட்டில் 'தோ'. ஒவ்வொரு பாதியும் தனக்குரிய முடிப்போடு நிற்கும். ஓதும் சுரம் எத்தனை அசைகளையும் தாங்கும். முடிப்பு தாங்காது. ஆகவே அடியின் தொடக்கத்திலிருந்து அசைகளை எண்ணும் நிரல் முதல் அடியில் சரியாக வந்து இரண்டாம் அடியிலேயே தடுமாறும். கடைசி அழுத்தத்தை, அதாவது ஊன்றி ஒலிக்கும் கடைசி அசையை, முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

அழுத்தம் என்பதே தமிழ்க் காதுக்குப் புதிது. ஓதுவார் தேவாரம் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு அசை என்றால் நேரும் நிரையும்தான். அந்தக் கணக்கில் 'தோமினே' இரண்டு அசை: தோ, மினே. லத்தீனிலோ உயிரொலிக்கு ஓர் அசை; தோ, மி, னே என மூன்று. என் முதல் நிரலில் நான் செய்த பெரிய பிழை, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் என்று நினைத்தது. திருப்பாடலின் முடிவில் பாடும் 'குளோரியா பாத்ரி, எத் ஃபீலியோ' என்ற அடியில் அழுத்தம் 'ஃபீ'யில் இருக்கிறது. எட்டாம் மெட்டில் 'ரே' அதன் மேல் நின்று, 'லி'க்கும் 'யோ'வுக்கும் 'தோ' வர வேண்டும். என் நிரல் 'ரே'யை 'லி'யின் தலையில் ஏற்றியது. மகன் என்ற சொல்லே சிதைந்தது. ஜெபத்தில் இதைச் சிறு பிழை என்று என்னால் விட முடியவில்லை.

வழிபாட்டு நூல்களில் மூன்று அசையும் அதற்கு மேலும் உள்ள சொற்களுக்கே அழுத்தக் குறி போடுவார்கள். ஈரசைச் சொல்லில் முதல் அசையே அழுத்தம் என்பதால் குறி இருக்காது. குறி இல்லாத சொல்லை அழுத்தமற்றது என்று நிரல் எடுத்துக்கொண்டால் 'செம்பெர்', 'சாங்க்தோ' எல்லாம் தப்பிப் போகும். ஓரசைச் சொல்லும் அழுத்தம் பெறலாம். முதல் மெட்டின் நடு முடிப்புக்கு, அதாவது முதல் பாதியின் முடிப்புக்கு, இரண்டு அழுத்தங்கள் தேவை. 'எத் நுங்க், எத் செம்பெர்' என்ற இடத்தில் அவை 'நுங்க்', 'செம்'. இதற்கு மாறாக, அழுத்தத்துக்கு முன் வரும் தயாரிப்பு அசைகளை அழுத்தம் பார்க்காமல் வெறுமனே எண்ண வேண்டும். 'எத் ஸ்பிரீதுயி சாங்க்தோ' என்பதில் எட்டாம் மெட்டின் இறுதி முடிப்புக்கான தயாரிப்பு அசைகள் 'து', 'யி'. 'ரீ'யின் அழுத்தம் இங்கே கணக்கில் வராது.

அசை பிரிக்க, அச்சுக்கோப்பில் வரி உடைக்கும் விதிகளை அப்படியே எடுக்காதீர்கள். அவை ஓரெழுத்தைத் தனியே விடாமல் இருக்கப் பார்ப்பவை. 'தேயி' என்ற சொல்லை ஓரசையாகவே விட்டுவிடும். கிரகோரியன் இசையை அச்சுக்கோக்கும் மென்பொருளை உருவாக்கும் கிரெகோரியோ திட்டத்தார் பாடலுக்கென்றே தரும் லத்தீன் அசை விதிகள் இருக்கின்றன. ஆ, ஏ (a, e) என்ற இரண்டு லத்தீன் எழுத்துகளையும் எங்கும் ஒட்டெழுத்தாக (æ) மாற்றும் கட்டளையும் ஆபத்தானது. இஸ்ரயேலின் பெயர் மூன்று அசை, ஒட்டிவிட்டால் இரண்டாகிவிடும். 'தேயுஸ்' ஈரசை, 'எயுகே' என்பதில் முதல் இரண்டு உயிரும் சேர்ந்து ஓரசை. இத்தகைய சொற்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். யூனிகோடிலும் ஒரு பள்ளம் உண்டு: ஆ-ஏ ஒட்டெழுத்துக்கு அழுத்தக் குறியுடன் தனி எழுத்து இருக்கிறது, ஓ-ஏ ஒட்டெழுத்துக்கு (œ) இல்லை, குறி தனியாகவே வரும். எழுத்துகளை எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மெட்டை நிரல் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதைச் சொல்வது முன்மொழி, அதாவது திருப்பாடலுக்கு முன்னும் பின்னும் பாடும் சிறு பாடல். ஓதும் சுரத்துக்கு ஏறிச் செல்லும் தொடக்க ஏற்றம் திருப்பாடலில் முதல் அடிக்கு மட்டும். மரியாவின் பாடலில் எல்லா அடிகளுக்கும். எண்ணிலும் கவனம் தேவை: நம் திருவிவிலியத்தின் 110ஆம் திருப்பாடல், லத்தீன் விவிலியமான வுல்காத்தாவில் 109.

நான் இப்போது புதிய தாளை டவுன்ஹால் ரோட்டில் நகலெடுக்கப் போகும் முன் 'குளோரியா பாத்ரி'யை அடுத்து வரும் 'சீகுத் ஏராத்' அடியை எல்லா மெட்டுகளிலும் ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் வாய்விட்டுப் பாடிப் பார்க்கிறேன். அதன் கடைசி ஆறு உயிரொலிகளை 'எ உ ஒ உ அ எ' என்று பழைய ஏடுகளே முடிப்பைக் காட்டப் பயன்படுத்தின. அந்த ஆறும் சரியான சுரங்களில் உட்கார்ந்த பிறகே மற்ற அடிகளைத் திறக்கிறேன்.