பரம்பரை நோய்ப் பாடம்: ஒரு நோயை அடிவரை படியுங்கள்

நீலகிரி மாவட்டக் கூடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மரபியலில் பத்து நோய்களின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட ஒன்றை அடிவரை படிப்பது மேல். நம் மலைக்கு அது அரிவாள் செல் இரத்தசோகை. 1952இல் இந்தியாவில் இதை முதலில் பதிவு செய்ததே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

முதலில் மூலக்கூறு. 11ஆம் குரோமோசோமில் பீட்டா குளோபின் மரபணு. அதில் ஒரே ஒரு காரம், அதாவது டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து, மாறுகிறது. புரதத்தின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வாலின் வருகிறது. ஆக்சிஜன் குறைந்தால் ஹீமோகுளோபின் இழை இழையாகக் கோத்துக்கொள்ளும், சிவப்பணு வளையும், நுண்குழாய் அடைபடும், வலி வாட்டும். இந்தச் சங்கிலியைப் புத்தகம் பார்க்காமல் எழுத வந்த பிறகே, பெற்றோரின் மரபணுக்கள் குழந்தையிடம் எப்படிச் சேரும் என்று காட்டும் புன்னெட் கட்டத்தைத் தொடுங்கள்.

பெற்றோர் இருவரும் கடத்திகள் (நோயில்லாமல் மாறிய மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்கள்) என்றால் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. 'நாலு பிள்ளையில் ஒன்றுக்கு நிச்சயம்' என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகவே தொடங்கும்.

அடுத்து குடும்ப மரபு வரைபடம். சதுரம் ஆண், வட்டம் பெண், நிழலிட்டால் நோய், இரட்டைக்கோடு உறவுக்குள் திருமணம். நோயில்லாத பெற்றோருக்கு நோயுள்ள மகள் என்றால் அது ஒடுங்கு பண்பு (மாறிய மரபணு இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது), எக்ஸ் குரோமோசோமில் இல்லை. எக்ஸ் குரோமோசோம் வழி வரும் நிறக்குருடு கணக்கோடு ஒப்பிட்டால் இது விளங்கும்.

பயிற்சிக்குக் கற்பனைக் குடும்பத்தையே வரையுங்கள். பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் 'உங்கள் வீட்டில் இருக்கிறதா' என்று கேட்கவே கூடாது.