ஆளில்லாத கடற்கரையில் சர்ஃபிங் பழக

கூட்டமில்லாத கடற்கரையில் யார் மீதும் மோதிவிடுவோமோ என்ற பயமில்லை. தத்தளித்தால் ஓடிவரவும் ஆளில்லை. அதனால் தனியாகப் போகவே கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லி வையுங்கள். செல்போன் சிக்னல் கடைசியாக எங்கே கிடைத்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

போனதும் தண்ணீரில் இறங்காதீர்கள். மேடான இடத்தில் நின்று 20 நிமிடம் கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் வரிசையாக நாலைந்து வரும், பிறகு கடல் அடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியை மட்டும் பார்த்து இறங்குபவர்தான் மாட்டுவார். அலை இடுப்புக்கு மேல் உயர்ந்தால் அன்று வேண்டாம். கரையோரத்திலேயே தொப்பென்று கவிழும் அலை சின்னதானாலும் வேண்டாம்; அங்கே ஆழம் கிடையாது, கழுத்து முறியலாம். ஓதம் ஏறியோ வற்றியோ வரும்போது அதே இடம் சாதுவாவதுண்டு.

அடுத்து, இழுப்பை, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டத்தைத் தேடுங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் கருத்துத் தெரியும். புதியவர் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடம்! கரையேறிய தண்ணீர் மணல்திட்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் வழியே கடலுக்குத் திரும்பும் பாதை அது. நுரையும் கலங்கிய மணலும் வெளியே போவதைக் கவனித்தால் பிடிபடும். திட்டுகள் இடம் மாறுவதால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். உள்ளே சிக்கினால் போர்டை, அதாவது சறுக்கும் பலகையை, விடாதீர்கள். மிதக்க அதுதான் துணை. கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகக் கைகளால் துழாவி, அலை உடையும் பக்கம் வந்து நுரையோடு கரைசேருங்கள்.

போர்டு 8 முதல் 9 அடி, ஃபோம் வகை. போர்டைக் காலோடு இணைக்கும் கயிறான லீஷ் ஏறக்குறைய அதே நீளம்; போர்டில் நிற்கும்போது பின்னால் இருக்கும் காலில் கட்டுங்கள்.

திருக்கை மீன் இருக்கலாம் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள். இடுப்பளவு தண்ணீர் போதும். போர்டைப் பக்கவாட்டில் பிடியுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவே அது வந்தால் முகத்தில் அடிக்கும். உடைந்து வரும் நுரை சில அடி தூரத்தில் இருக்கும்போதே படுத்துத் துழாவத் தொடங்குங்கள். நுரை தள்ளியதும் உள்ளங்கைகளை விலாவருகே ஊன்றி, கண்ணைக் கரையில் வைத்து எழுந்திருங்கள். குனிந்து காலைப் பார்த்தால் விழுவீர்கள். போர்டின் முன்முனை தண்ணீரில் குத்தினால் இரண்டு அங்குலம் பின்னால் படுங்கள். அலை உங்களை விட்டுவிட்டுப் போனால் முன்னால் நகருங்கள். முதல் சில தடவை எழாமல் படுத்தபடியே கரைவரை வருவது நல்லது.

விழும்போது தட்டையாக, முதுகிலோ பக்கவாட்டிலோ விழுங்கள். தலைகுப்புற ஒருபோதும் கூடாது. மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள், போர்டு எங்கே இருக்குமென்று தெரியாது.

கரையில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அலைக்குப் பிறகும் பாருங்கள். அது தள்ளிப் போயிருந்தால் நீரோட்டம் உங்களை நகர்த்துகிறது. கரையேறி, நடந்து திரும்பி வந்து மறுபடி இறங்குங்கள். கை சோர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.