பேர் தெரியாத தக்காளி விதைய அடையாளம் கண்டு பேர் வைக்கிறது எப்படி

கைமாறி வர்ற தக்காளி விதைப் பொட்டலத்துல பெரும்பாலும் "நாட்டுத் தக்காளி"ன்னு மட்டும் எழுதியிருக்கும், இல்ல ஒண்ணுமே இருக்காது. காய்ச்சதும் போட்டோ போட்டு என்ன ரகம்னு கேட்டா ஆளுக்கு ஒரு பேர் சொல்லுவாங்க. செவப்பா உருண்டையா எத்தனையோ ரகம் இருக்குங்க, பழத்த மட்டும் பாத்து யாராலயும் உறுதியா சொல்ல முடியாது.

அதனால பேர அப்புறம் பாப்போம், மொதல்ல விதை நெலையானதான்னு பாருங்க. ஒரே பழத்துல எடுத்த விதைல ஆறேழு செடியாவது வளருங்க. எல்லாம் ஒரே மாதிரி காய்ச்சா அநேகமா நெலையான ரகம். ஒண்ணு உருண்டை ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையா நிக்குது ஒண்ணு ஆளுயரம் ஓடுதுன்னா அந்தப் பழம் ஹைபிரிட், அதாவது ரெண்டு ரகத்த சேத்து உண்டாக்குனது, இல்லாட்டி எங்கயோ கலந்திருக்கு. கடையில வாங்குற கெட்டியான பெங்களூர் தக்காளி விதை போட்டா பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். இதுக்கு பழைய பேர் தேடுறது வீண், அதே செடி இதுக்கு முன்னாடி இருந்ததே இல்லையே.

நெலையா இருந்தா ஒரு நோட்டு போட்டு குறிக்க ஆரம்பிங்க. நாத்துலயே இலையப் பாருங்க, ஓரம் வெட்டு வெட்டா இருக்கா, இல்ல உருளைக்கிழங்கு இலை மாதிரி வழுவழுன்னு இருக்கா. இந்த உருளை இலை ஒடுங்கு குணம், அதாவது அப்பா அம்மா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்தாதான் வெளிய தெரியும், அதனால அப்படி இலை உள்ள செடியோட விதைல வெட்டு இலை நாத்து வந்துச்சுன்னா கலப்பு நடந்திருக்கு, இல்ல வேற விதை சேந்திருக்குன்னு அப்பவே தெரிஞ்சிடும். அடுத்து பூங்கொத்து. ஒரு கொத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூணு மூணு இலையா விட்டு ஓடிட்டே இருந்தா கொடி வகை, ஒண்ணு ரெண்டு இலைதான் விடுது, நுனியும் கொத்தோட நின்னுடுதுன்னா குத்துச்செடி வகை.

பழத்துல பலரும் விட்டுடுறது தோல். நல்லா பழுத்ததுல ஒரு துண்டு உரிச்சு வெளிச்சத்துல புடிங்க. தோல் மஞ்சளா இருந்தா செவப்பு ரகம், நெறமே இல்லாம இருந்தா ரோஸ் ரகம், உள்ள சதை ரெண்டுலயும் அதே செவப்புதான். காய் பச்சையா இருக்கும்போதே காம்புப் பக்கம் கரும்பச்சை தோள் இருக்கான்னு பாத்துக்கங்க, பழத்த குறுக்க வெட்டி உள்ள எத்தனை விதை அறைன்னும் எண்ணிக்கங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். பெரியகுளத்துல வந்த பிகேஎம் 1ங்கிற தக்காளி ரகம், அன்னஞ்சிங்கிற நாட்டு ரகத்துலேர்ந்து மரபணுல திடீர் மாற்றம் உண்டாக்கி எடுத்தது. தட்டையான உருண்டை, பச்சைத் தோள், குத்துச்செடி. உங்க பழம் அச்சு அசலா அப்படி இருந்தும் செடி பந்தல் ஏறுதுன்னா அது பிகேஎம் 1 இல்ல. எல்லாமே பொருந்துனாலும் உடனே அந்தப் பேர எழுதாதீங்க, நம்பகமான எடத்துல அந்த விதைய வாங்கி பக்கத்துலயே நட்டு ஒரே சீசன்ல ஒப்பிட்டுப் பாருங்க. அப்பவும் சந்தேகம்னா "பிகேஎம் 1 போல"ன்னு எழுதுங்க, அந்த "போல" ரொம்ப முக்கியம். தப்பான பேர் ஒரு தடவ பரவிட்டா அந்த விதையோட உண்மையான ஊரும் வரலாறும் அதோட தொலைஞ்சிடும்.

எதுக்கும் பொருந்தலன்னா தாராளமா புதுப் பேர் வைங்க, ஊர், குணம், வருஷம் மூணும் இருந்தா போதும், "ஒட்டன்சத்திரம் தட்டை 2024" மாதிரி. கொடுத்தவங்ககிட்ட எத்தனை வருஷமா வச்சிருக்காங்க, வீட்ல என்ன சொல்லி கூப்பிடுவாங்கன்னு கேளுங்க, அவங்க ஒரு பேர் வச்சிருந்தா அதுதான் பேர், நாம மாத்தக் கூடாது. 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்துல விவசாயிங்க தாங்க காத்து வச்ச ரகத்த பதிவு பண்ணவும் வழி இருக்கு, அதுக்கும் இந்த நோட்டு உதவும்.

ஹைபிரிட் விதைலேர்ந்து வேற வேறயா பிரிஞ்சு வந்த செடிக்கு இப்போதைக்கு பேரே வேணாம், செடிக்கு ஒரு நம்பர் குடுங்க. புடிச்ச செடில மட்டும் விதை எடுத்து ஆறேழு தலைமுறை தேர்ந்தெடுத்துட்டே வந்தாதான் நெலைக்கும். வேற ரகத்தோட கலக்காம இருக்க, விதைக்கு விடுற கொத்த பூ விரியுறதுக்கு முன்னாடியே மெல்லிசு வலைப் பையால மூடி, பிஞ்சு வந்ததும் பைய எடுத்துட்டு அடையாளத்துக்கு காம்புல நூல் கட்டிடுங்க. லேபிள பென்சில்ல எழுதுங்க, பேனா மை வெயில்ல வெளுத்துடும்.