வீட்டுக்குச் சின்னக் கூண்டு, காருக்குப் பெரிய கூண்டு: நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த குடும்பங்கள் பல, நாயையும் கூட்டிக்கொண்டுதான் வந்தன. லயத்தில் அதற்குக் கூண்டு தேவைப்படவில்லை. வாசல் திண்ணையிலோ செம்பனை நிழலிலோ படுத்துக்கொள்ளும். தாமானில் கேட்டும் வேலியும் பக்கத்து வீடும் வந்துவிட, கூண்டு வாங்க வேண்டியதாகிறது. அங்கேதான் கணக்குத் தலைகீழாகப் போகிறது. நாய் இரவு முழுக்கக் கிடக்கப்போகும் வீட்டுக் கூண்டை ‘இடத்தை அடைக்கும்’ என்று சின்னதாக வாங்குகிறார்கள். மூன்று மணி நேரம் காரில் போகும் கூண்டை ‘பாவம், தாராளமாக இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்குகிறார்கள்.

வீட்டுக் கூண்டு

கடைகளில் அழகாக அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாய் வீட்டைப் பாருங்கள். வாசல் குறுகல், மற்ற மூன்று பக்கமும் அடைப்பு. நாயின் உடல் சூடு வெளியே போகாமல் இருப்பதற்காகக் குளிர்நாடுகளில் உருவான வடிவம் அது. நம் ஊர் வெயிலில் அதுவே அடுப்பாகிவிடும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்று அசையாமல், ஈரப்பதம் ஏறிக் கிடக்கும் இடத்தில் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே குறைந்தது இரண்டு பக்கம், முடிந்தால் மூன்று பக்கம், கம்பி வலையாக இருக்கட்டும். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் அடைத்தால் போதும்.

20 கிலோ எடையுள்ள சாதாரண நாட்டு நாய்க்கு 4 அடி அகலம், 6 அடி நீளம் கொடுங்கள். உயரம் 5 அடிக்குக் குறைய வேண்டாம். அவ்வளவு உயரம் நாய்க்காக இல்லை, கழுவப்போகும் உங்களுக்காக. ஆள் நுழைய முடியாத கூண்டின் பின்மூலையை யாரும் ஒழுங்காகத் தேய்ப்பதில்லை.

கூரைக்கு வெறும் தகரம் போட்டு முடித்துவிடுவது அடுத்த தவறு. மதிய வெயிலில் தகரம் தொட முடியாத அளவுக்குக் காயும். அந்தச் சூடு நேராகக் கீழே நாயின் முதுகில் இறங்கும். தகரத்துக்குக் கீழே மூன்று நான்கு அங்குலம் இடைவெளி விட்டு இன்னொரு தட்டு அடியுங்கள். இடையில் காற்று ஓடினால் சூடு பாதி வழியிலேயே நின்றுவிடும். கூரை ஒன்றரை அடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். தீபாவளியை ஒட்டி வரும் சாயங்கால மழை நேராகப் பெய்வதில்லை, சாய்ந்தே அடிக்கும்.

வீடு கட்டி மிஞ்சிய பி.ஆர்.சி. வலையைச் சுவராக வைத்துப் பற்றவைத்துக் கொடுக்கும் வெல்டர்கள் நிறையப் பேர். காசு மிச்சம்தான். ஆனால் கான்கிரீட்டுக்குள் போடும் அந்த வலையின் கண் பொதுவாக 200 மில்லிமீட்டர். குட்டி நழுவிவிடும், பெரிய நாய் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். 50 மில்லிமீட்டருக்கு மேல் போகாத வெல்டிங் வலை கேளுங்கள். வலையின் வெட்டு முனைகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். தரையில் மட்டும் வலை வேண்டவே வேண்டாம். பாதம் விரிந்து விரலிடுக்கு புண்ணாகும். சிமெண்ட் தரைதான் நல்லது. 5 அடிக்கு 1 அங்குலம் என்று வாட்டம் வைத்து, நீர் கால்வாய்க்குப் போகும்படி செய்யுங்கள். படுக்க, தரையிலிருந்து அரை அடி உயர்த்திய தட்டு ஒன்று தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முழங்கை காய்த்துப்போகும்.

பலகைக் கூண்டு பார்க்க இதமாக இருக்கும். ஆனால் உண்ணிக்கும் அது மிகவும் பிடிக்கும். நம் வட்டாரத்தில் நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, இரத்தம் குடித்து ஊதியதும் கீழே விழுந்து, சுவரேறிப் போய், ஏதாவது விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டுப் பலகை இடுக்கை விட்டுவிட்டால் சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. கோணிச்சாக்கும் பழைய கம்பளமும் அதே வகைதான். துத்தநாகம் பூசிய இரும்பு, சிமெண்ட், தூக்கிக் கழுவக்கூடிய ரப்பர் விரிப்பு என்று போங்கள். சிமெண்ட் விரிசலைப் பூசி அடையுங்கள்.

கழுவும்போது முதலில் மூத்திரத்தை வெறும் தண்ணீரால் அலசிவிட்டு, சோப்பால் தேய்த்து, அதன்பிறகே குளோரோக்ஸ் (குளோரின் வெளுப்புத் திரவம்). ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். பத்து நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசி, தரை காய்ந்தபின் நாயை விடுங்கள். மூத்திரம் கிடக்கும் தரையில் நேராகக் குளோரோக்ஸ் ஊற்றினால் கிளம்பும் வாடை உங்கள் மூச்சையும் அடைக்கும், நாயின் கண்ணையும் எரிக்கும்.

எங்கே வைப்பது என்பதில் இரண்டு சங்கதி. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பின்வேலியில் வைத்தால், தட்டில் மிஞ்சிய சோற்றுக்கு எலி வரும். எலியின் மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா கிருமி வரும், எலியைத் தேடி நாகம் வரும். தோட்டத்தில் வைக்கும் எலிப் பாஷாணக் கட்டியை நாய் தின்றால் இரத்தம் உறையாமல் போகும். அறிகுறி மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதனால் இருபது நிமிடத்துக்குமேல் தட்டு உள்ளே இருக்கக் கூடாது. இன்னொன்று பக்கத்து வீடு. முஸ்லிம் குடும்பம் இருந்தால் பொதுவேலியை ஒட்டிக் கூண்டு வைக்காதீர்கள். கழுவிய தண்ணீர் அவர்கள் வாசல் பக்கம் ஓடவும் விடாதீர்கள். நாயின் ஈரம் பட்டால் அவர்கள் அதைத் தனி முறைப்படி கழுவித் தூய்மைப்படுத்த வேண்டியிருக்கும். ஆறடி தள்ளி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை, மனத்தாங்கல் வந்தபின் தீர்ப்பதுதான் கஷ்டம். நாய் லைசன்சும் எடுத்துவிடுங்கள். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் என்பதை உங்கள் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டுக் கூண்டு கட்டுவது நல்லது.

எவ்வளவு நல்ல கூண்டானாலும் நாள் முழுக்க அடைத்துவைக்க அல்ல. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி வதைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

பயணக் கூண்டு

இங்கே பெரியது ஆபத்து. பிரேக் போட்டால் நாய் உள்ளே உருண்டு சுவரில் மோதும். ஆனால் ‘நடுத்தரம்’, ‘பெரியது’ என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்காமல் நாடாவை எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம், தரையிலிருந்து முன்கால் முழங்கைவரை உயரம், தோள் அகலம், நின்றபடி தலை உச்சிவரை (காது நிமிர்ந்திருந்தால் காதுவரை) உயரம். கூண்டின் நீளத்துக்கு, முதல் அளவோடு முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். அகலம், தோளைப்போல் இரண்டு மடங்கு. உயரத்துக்கு, தலை உயரத்தோடு விரிப்பின் கனம். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதியும் இதுதான். 75, 28, 22, 60 செ.மீ. என்று அளவு வந்தால் 89 நீளம், 44 அகலம், 3 செ.மீ. விரிப்போடு 63 உயரம். கடையில் 36 அங்குலம் என்று விற்பதையும் உள்ளே அளந்து பார்த்தே வாங்குங்கள். பக், ஷீ சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குப் பத்து விழுக்காடு கூடுதல். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் மைவி காரின் பின்கதவுத் திறப்பையும் அளந்துகொள்ளுங்கள். கூண்டை வாங்கிவிட்டுக் காரில் ஏற்ற முடியாமல் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

மேல்பாதியையும் கீழ்பாதியையும் பிளாஸ்டிக் கிளிப்பால் மட்டும் பூட்டும் கூண்டு, பெரிய நாய் உள்ளே முட்டினால் பிளந்துவிடும். உலோக நட்டு போல்ட் போட ஓட்டை இருக்கிறதா, கதவு உலோகமா என்று பாருங்கள். காரில் வார்ப்பட்டையால் கட்டுங்கள். உள்ளே விடும்போது கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டினால் இறுகும்.

புறப்படும் நாளில்தான் நாயை முதல்முறை கூண்டுக்குள் தள்ளுகிறார்கள். அது வழிநெடுக ஊளையிடத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்கு முன்பே கூண்டைக் கூடத்தில் திறந்துவைத்து, சாப்பாட்டை உள்ளே வையுங்கள். பிறகு ஐந்து நிமிடம் கதவைச் சாத்துங்கள், பிறகு அரைமணி. கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே உணவை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். கோலாலம்பூர் போகிறீர்கள் என்றால் தாப்பா ஓய்விடத்தில் ஒரு நிறுத்தம். கூண்டுக் கதவைத் திறக்குமுன் கயிற்றை மாட்டிவிடுங்கள். ‘டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று நாயைக் காரில் விட்டுப் போவதை மட்டும் மன்னிக்க முடியாது. வெளியே 32 டிகிரி என்றால் பத்து நிமிடத்தில் உள்ளே 42 ஆகும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை.

சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் இருப்பதால் அங்கே போகவர அனுமதித் தாள்கள் வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கால்நடைச் சேவைத் துறையில் கேளுங்கள்.

விடுதியில் விடுவதென்றால்

தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஈப்போவிலுள்ள நாய் விடுதிகள் நிரம்பிவிடும். கடைசி வாரத்தில் அலைகிறவர்கள் கிடைத்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காத விடுதி என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உங்களைக் கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாய்க்காரரையும் கேட்டிருக்க மாட்டார். ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்க்க விடாத இடமும் வேண்டாம். போனால் அழகான வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், கால்வாயைப் பாருங்கள். ஒரு கூண்டைக் கழுவிய தண்ணீர் அடுத்த கூண்டு வழியாக ஓடினால், ஒரு நாயின் பார்வோ வைரஸ் வயிற்றுப்போக்கு வரிசை முழுக்கப் போகும். மூக்கோடு மூக்கு உரசாமல் இடையில் சுவர் இருக்கிறதா? வாசலுக்கு இரட்டைக் கதவா? ராத்திரி அங்கே ஆள் தங்குகிறதா? பட்டாசு வெடிக்கும் இரவில் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

வழக்கமான தீவனத்தை வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். உண்ணி மருந்தைப் போவதற்குச் சில நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். நெக்ஸ்கார்ட் ஒரு மாதம் நிற்கும், பிராவெக்டோ மாத்திரை பழுப்பு உண்ணிக்கு எட்டு வாரம். திரும்பி வந்த அன்றே காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் தடவிப் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதுவரை தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோய் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.