வேர்கள் கனிம அயனிகளை ஏற்பது: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்நிலை வகுப்புத் தாவரவியலில் கனிம அயனிகளின் உள்ளெடுப்பைப் பற்றி எழுதும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே மறதியிலிருந்து பிறக்கின்றன. மண்ணிலிருந்து, நீரை மேலே கடத்தும் திசுவான சைலத்துக்குச் செல்லும் வழியில் ஒவ்வொரு அயனியும் எங்கேனும் ஓரிடத்தில் உயிருள்ள செல்லின் பிளாஸ்மா சவ்வைக் கடந்தே தீர வேண்டும் என்பதே அந்த மறக்கப்படும் செய்தி.

வேர் நீரை உறிஞ்சும்போது அதில் கரைந்துள்ள உப்புகளும் கூடவே உள்ளே வந்துவிடுகின்றன என்று எழுதுவது இவற்றுள் மிகப் பரவலானது. அது உண்மையானால் செல்சாற்றில் உள்ள அயனிகளின் செறிவும் விகிதமும் வெளிக்கரைசலை ஒத்திருக்க வேண்டும். ஆனால் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் ஹோக்லாந்து 1920களில் நைட்டெல்லா என்னும் நன்னீர்ப் பாசியை ஆராய்ந்தபோது, அதன் செல்சாற்றில் பொட்டாசியம் சுற்றியிருந்த நீரைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. சேர்ந்த அளவும் அயனிக்கு அயனி வேறுபட்டது. நீர் சவ்வூடு பரவலால் நுழைகிறது, அயனிகள் தத்தமக்குரிய புரதங்களின் வழியே நுழைகின்றன. இதனால் நீரோட்டத்துக்கு இதில் பங்கே இல்லை என்று மறுகோடிக்குப் போய்விடவும் கூடாது. நைட்ரேட், கால்சியம் போன்றவற்றை வேரின் மேற்பரப்பு வரை கொண்டு சேர்ப்பதில் நீராவிப்போக்கு இழுக்கும் நீருக்குப் பெரும் பங்குண்டு. மண் துகள்களில் இறுகப் பிடிபட்டிருக்கும் பாஸ்பேட்டோ மிக மெதுவாகப் பரவியே வருவதால், வேரைச் சுற்றிப் பாஸ்பேட் குறைந்த ஒரு மெல்லிய வளையம் விரைவில் உருவாகிவிடுகிறது; வேர்த்தூவிகளும் வேரோடு இணைந்து வாழும் வேர்ப்பூஞ்சையும் அந்த வளையத்தைத் தாண்டிச் செல்வதால்தான் அவை இத்தனை முக்கியமானவை.

அடுத்த தவறு நுட்பமானது, நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இதில் சறுக்குவதுண்டு: உள்ளே செறிவு அதிகமாக இருந்தால் ஆற்றல்சார் கடத்தல், குறைவாக இருந்தால் ஆற்றல்சாரா கடத்தல் என்று செறிவை மட்டும் வைத்து முடிவு செய்வது. மின்சுமை இல்லாத மூலக்கூறுக்கு இது பொருந்தும், அயனிக்குப் பொருந்தாது. வேர்ச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 100 மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின் தன்மை கொண்டது. 120 மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தால், ஒற்றை நேர்மின்சுமை கொண்ட அயனி எவ்வித நேரடி ஆற்றல் செலவுமின்றி வெளியே இருப்பதைப் போல ஏறத்தாழ 100 மடங்கு செறிவு வரை உள்ளே சேர முடியும். ஆகவே மண் கரைசலில் பொட்டாசியம் ஓரளவு தாராளமாக இருக்கும்போது அது கால்வாய்ப் புரதங்கள் வழியே தானாகவே நுழையலாம். மிகக் குறைந்து போகும்போதுதான் ஆற்றல் செலவிட்டு ஏற்க வேண்டியிருக்கிறது. நைட்ரேட் போன்ற எதிர்மின் அயனிகளுக்கு நிலைமை தலைகீழ்: உள்ளிருக்கும் எதிர்மின் தன்மையே அவற்றை வெளியே தள்ளுகிறது.

இதைப் புரிந்துகொண்டவர், ஒவ்வொரு அயனியையும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி நேரடியாக உள்ளே தள்ளுகிறது என்று எழுதமாட்டார். வேர்ச் செல்களில் ஏடிபி முதன்மையாகச் செலவாவது ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றும் பம்புகளுக்கு. அந்த வெளியேற்றம்தான் சவ்வின் மின்னழுத்தத்தையும் வெளிப்புற அமிலத்தன்மையையும் பராமரிக்கிறது. திரும்ப உள்ளே வரும் ஹைட்ரஜன் அயனிகளோடு இணைந்து, இணைக் கடத்திப் புரதங்களின் வழியே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நுழைகின்றன. நீர் தேங்கிய வயலில் உளுந்துச் செடி மஞ்சளாவதற்கு ஒரு முக்கியக் காரணம் இங்கே இருக்கிறது: ஆக்ஸிஜன் இன்றி வேர்களின் சுவாசமும் ஏடிபி உற்பத்தியும் குறைய, உள்ளெடுப்பும் குறைந்துவிடுகிறது. வடிகால் வசதி செய்யாமல் உரத்தை மட்டும் கூட்டுவதால் அந்தக் குறை தீராது.

காஸ்பேரியன் பட்டையைப் பற்றியும் கவனமாக எழுத வேண்டும். ராபர்ட் காஸ்பாரி 1865இல் விவரித்த இந்தப் பட்டை அயனிகளைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டி என்று விடைகளில் காணப்படுகிறது. பட்டைக்குத் தேர்ந்தெடுக்கும் திறன் எதுவும் இல்லை. வேரினுள் சைலத்தைச் சூழ்ந்திருக்கும் செல் அடுக்கான அகத்தோலில், செல்களின் ஆரச் சுவர்களிலும் குறுக்குச் சுவர்களிலும் அமைந்து, செல்சுவர்களின் ஊடாகச் செல்லும் அப்போபிளாஸ்ட் வழியை மட்டும் அது அடைக்கிறது. அதுவரை சவ்வைக் கடக்காமல் வந்த அயனிகள் அங்கே அகத்தோல் செல்லின் சவ்வைக் கடக்க வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது. தேர்வு செய்வது அந்தச் சவ்வில் உள்ள புரதங்களே. பலர் எழுதாமல் விடும் இன்னொன்றும் உண்டு. சைலக் குழாய்கள் உயிரற்றவை என்பதால், அவற்றுள் சேர அயனிகள் உயிருள்ள செல்லிலிருந்து மறுபடியும் ஒரு சவ்வைக் கடந்து வெளியேற வேண்டும். அப்படிச் சேர்ந்த அயனிகளால் நீர் பின்தொடர்ந்து வருவதே வேர் அழுத்தம்.

வேர்த்தூவியைப் பலசெல் அமைப்பு என்று எழுதுவது சிறு தவறு. அது ஒரே புறத்தோல் செல்லின் நீட்சி.

கடைசியாக, கனிமங்கள் சைலத்தில் மேலேறுவதோடு பயணம் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம். மேலேற்றம் சைலத்தின் வழியே நிகழ்கிறது என்பதை 1939இல் ஸ்டவுட்டும் ஹோக்லாந்தும் கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு, மரப்பட்டையைக் கட்டையிலிருந்து பிரித்து வைத்துக் காட்டினார்கள். ஆனால் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவை முதிர்ந்த இலைகளிலிருந்து, உணவைக் கடத்தும் திசுவான புளோயம் வழியே மீண்டும் இளம் பகுதிகளுக்குச் செல்லக்கூடியவை என்பதால், இவற்றின் குறைபாடு முதலில் அடி இலைகளில் தெரிகிறது. கால்சியம் புளோயத்தில் மிக அரிதாகவே நகர்வதால் அதன் குறைபாடு இளம் இலைகளிலும் காய்களிலும் தோன்றும். தக்காளியில் இலைகள் போதிய கால்சியத்தோடு இருக்கும்போதே காயின் நுனிப்பகுதி கறுத்து அழுகுவது இதனால்தான்: நீராவிப்போக்கு மிகுந்த இலைக்குச் சைலம் கால்சியத்தைக் கொண்டு சேர்த்துவிடுகிறது, அங்கிருந்து காய்க்கு அதைத் திருப்பித் தரப் புளோயத்தால் இயலுவதில்லை.